பந்தயக் கடையில் விதி வாசித்தவர்

சுவரில் அச்சடித்து எதை ஒட்டியிருந்தாலும், அதன் கடைசி வரிவரை வாசிக்காமல் அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. பஸ்ஸில் பயணிகளுக்கான அறிவித்தலை வாசித்து முடிப்பதற்காக, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போவார். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் உடுப்புத் தோய்க்கும் கடையொன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இயந்திரத்துக்குள் திரைச்சீலைக்கு நீலச் சாயம் போடுவதைக் கண்டார். அது அங்கே ஒன்பதாம் விதிப்படி தடை என்று எடுத்துச் சொல்லப் போய், அந்தச் சாயத்தில் பாதியைத் தன் சேர்ட்டில் வாங்கிக்கொண்டார். நீலமாக என் முன்னால் வந்து நின்றவர் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை. தான் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு யார் சொல்வது என்று என்னையே கேட்டார்.

அவர் வந்து நின்ற இடம் நான் வேலை செய்த பந்தயக் கடை. குதிரைக்கும் நாய்க்கும் ஆட்கள் பணம் கட்டுகிற இடம். எண்பத்தேழில் நான் அங்கே காசாளராகச் சேர்ந்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டு வாடகை, கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் அரைகுறை வேலை. கௌரவம் பார்க்க எனக்கு வசதி இருக்கவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியமும் இருக்கவில்லை. எங்கள் ஆட்களிடம், வீட்டுக்கடன் கொடுக்கும் பில்டிங் சொசைட்டியில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சனத்திடம் காசு வாங்குகிற உத்தியோகம் என்ற அளவில் அது பெரிய பொய்யும் இல்லை. அந்தக் காலத்தில் பந்தயக் கடைகளின் யன்னலை உள்ளே தெரியாதபடி மறைத்து வைக்கவேண்டும் என்று சட்டம். வீதியால் போகிறவர்களுக்கு ஆசை வந்துவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியது.

அதனால், முதன்முதலாக ஒரு மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க இந்தத் தமிழர், நெற்றியில் காலையில் பூசிய திருநீற்றின் மிச்சத்தோடு கதவைத் திறந்து வந்தபோது, என்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பாண் சுடும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். அவரைச் சுற்றிக் கோதுமை மா வாசம் அடித்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்த கடை விதிகளுக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டி, முதலாவதிலிருந்து தொடங்கினார். அறுபத்துச்சொச்சம் விதிகள், எறும்பு எழுத்தில். நான் சேர்ந்த நாளிலிருந்து அதை எவரும் வாசித்து நான் கண்டதில்லை. எங்கள் மனேஜர் அந்தத் தாளை ஒழுகிய சுவரை மறைக்க ஒட்டியது என்றே நினைத்திருந்தார்.

மூன்று நாள் வாசித்தார். நாலாம் நாள் என் கவுண்டருக்கு வந்து ஒரு குதிரையில் கட்டினார். தோற்றார். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கட்டினார், தோற்றார். விதிகளை அவ்வளவு தெரிந்த ஒருவர் அவ்வளவு ஒழுங்காகத் தோற்றதை நான் வேறெங்கும் காணவில்லை. நான் பயந்ததுபோல் என்னைப் பற்றி அவர் வெளியில் மூச்சுவிடவும் இல்லை. விட்டிருந்தால் தன்னை எங்கே கண்டேன் என்பதையும் நான் சொல்லவேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும்.

குதிரைப் பழக்கம் அவருக்கு லண்டனில் வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் பிறக்கிராசியார் என்ற வக்கீல் ஒருவரிடம் கிளாக்கராக இருந்து, வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவர். வழக்கில்லாத நாட்களில், இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பந்தயம் பிடிக்கும் கடையில் இருந்திருக்கிறார். அவருக்கு இங்கிலாந்தின் பூகோளம் குதிரை ஓட்டத் தாள்களில்தான் கிடைத்தது. ஹீத்ரோவில் வந்திறங்கியபோது, இந்த நாட்டில் உனக்கு என்ன தெரியும் என்று அதிகாரி கேட்க, டொன்காஸ்டர், நியூமார்க்கெட், எப்சம், யோர்க் என்று ஒப்புவித்திருக்கிறார். எந்த ஓட்டம் எந்த மாதம் என்பதையும் சேர்த்துச் சொன்னாராம். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, சனிக்கிழமைக்கு எது நல்லது என்று கேட்டதாக அவர் சொல்வார். இதை நான் பாதிதான் நம்பினேன்.

மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விசா சரிவந்த நேரத்தில் மனைவி ஒரு கடிதம் போட்டார். நீங்கள் குதிரையை விட்டால்தான் நான் விமானம் ஏறுவேன், விடாவிட்டால் நானும் பிள்ளைகளும் இங்கேயே செத்தாலும் பரவாயில்லை என்று அதில் இருந்தது. அதை அவர் என் கண்ணாடிக்கு முன்னால் நின்று எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கியது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த நாள் நூலகத்தில் தட்டச்சு அடித்த ஒரு கடிதத்தை மனேஜரிடம் கொடுத்தார். கீழே கையெழுத்திடும் நான் குதிரை மீதோ நாய் மீதோ பந்தயம் கட்ட வந்தால், என்ன காரணம் சொன்னாலும், அழுதாலும், உங்கள் ஊழியர்கள் அதை ஏற்கக்கூடாது என்று இருந்தது. இப்போது இதற்கெல்லாம் படிவம் இருக்கிறது. தன்னைத் தானே தடைசெய்துகொள்ள வழி இருக்கிறது. அன்றைக்கு எதுவும் கிடையாது. இருபது வருடம் அந்தத் தொழிலில் இருந்த மனேஜர், ஒரு சிகரெட் முடியும்வரை கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இனி அவரிடம் வாங்கக்கூடாது என்று எனக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதோடு அவர் வருவதை நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த நாளும் ஒரு மணிக்கு மா வாசத்தோடு வந்தார். கட்டவில்லை. சுவருக்கு முன்னால் போய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டாவிட்டால் ஏன் அண்ணை இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டிலை இருந்தா குதிரையை யோசிப்பன், பிள்ளை. இஞ்சை நிண்டா விதியை வாசிப்பன்."

அப்படித்தான் எட்டு வருடம் நின்றார். இரண்டு முறை மட்டும் தடுமாறினார். முதல் முறை பெரிய ஓட்டம் ஒன்றின் நாள். பந்தயத் துண்டை எழுதிக்கொண்டு வந்து, அந்தக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை, ஆகவே சட்டப்படி அது வெறும் தாள் என்று வாதாடினார். கண்ணில் நீர் முட்டி நின்றது. மனேஜர், அப்படியென்றால் சாட்சி கொண்டுவா என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவர் கடிதத்தை வெளியே எடுப்பித்து, அங்கே வழக்கமாக வரும் ஒரு ஐரிஷ் கிழவரிடமும் பலகையில் விலை எழுதுகிற பையனிடமும் தானே கெஞ்சிக் கையெழுத்து வாங்கி, தானே திருப்பிக் கொடுத்தார். ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் விட அவரால் முடியாது. இரண்டாவது முறையைப் பிறகு சொல்கிறேன்.

அவர் வாசித்து முடித்த விதிகள் மெல்ல மெல்ல மற்றவர்களுக்குப் பயன்படத் தொடங்கின. அந்த ஐரிஷ் கிழவர் கட்டிய குதிரை ஒருநாள் வென்றது. ஓட்டம் தொடங்கியபிறகு கட்டிய துண்டு என்று நாங்கள் செல்லாதாக்கினோம். துண்டில் நேரம் குத்தும் இயந்திரம் அப்படித்தான் காட்டியது. கிழவர் வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்க, இவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கவுண்டரில் வைத்தார். காலையில் வானொலிக்குச் சரிசெய்தது. எங்கள் இயந்திரம் மூன்று நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது விதியில் எந்த வரி என்று சொல்லி, மனேஜரையே உரத்து வாசிக்கச் செய்தார். கிழவருக்குப் பணம் கிடைத்தது. கிழவர் சந்தோஷத்தில் பங்கு கொடுக்க வந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

இன்னொருநாள், நூலகத்தில் சட்டப் புத்தகம் பார்த்துவிட்டு வந்து, கடை நடுவில் நின்று ஒரு செய்தி சொன்னார். வென்ற பணத்தைக் கடை கொடுக்க மறுத்தால், இந்த நாட்டில் அதற்காகக் கோர்ட்டுக்குப் போக ஏலாது. பந்தயக் கடன் சட்டப்படி கடனே இல்லை. சுவரில் இருப்பது கடையின் நாணயம் மட்டும்தான். அன்று மத்தியானம் ஒரு மணிநேரத்துக்கு ஒருவரும் கட்டவில்லை. மனேஜர் முகம் சிவந்து, வெளியே போ என்றார்.

இவர் தன்மையாகச் சொன்னார்: "நீங்கள் அப்பிடிச் சொல்லலாம். இரண்டாம் விதி. எந்தப் பந்தயத்தையும் எந்த ஆளையும் காரணம் சொல்லாமலே மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா விதியைச் சொல்லிப் போட்டுத்தான் என்னை அனுப்போணும்."

இதை ஆங்கிலத்தில் சொன்னார்தான். ஆனால் அந்த ஆங்கிலத்துக்குள் யாழ்ப்பாணத்துக் கோர்ட்டு முழுவதும் இருந்தது. மனேஜர் சுவரடிக்கு வந்து இரண்டாம் விதியை முதல்தடவையாக வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதன்பிறகு தகராறு வந்தால் அவரே இவரைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பார். ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலகினால், மற்றக் குதிரையில் வென்றவர்களுக்கும் பணம் குறையும். அது ஏன் என்று வெள்ளைக்காரருக்கும் ஜமேக்காக்காரருக்கும் பாண் தொழிற்சாலைச் சப்பாத்தோடு நின்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். கேட்டு முடித்தவர்கள் கோபம் தணிந்துதான் போவார்கள். சிலர் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

ஊருக்கெல்லாம் நியாயம் எடுத்துக் கொடுத்த மனிதருக்கு ஒரு வழக்குத்தான் வெல்லவில்லை. அது வீட்டு வழக்கு.

எண்பத்தொன்பதில் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த கிழமையே அந்த அம்மா மரக்கறி வாங்கப் போகும் வழியில், புருஷன் பந்தயக் கடைக் கதவால் வெளியே வருவதைக் கண்டுவிட்டார். கட்டுவதில்லை, உள்ளே நின்று விதி மட்டும் வாசிக்கிறேன் என்று இவர் சத்தியம் செய்தார். எந்த மனைவி நம்புவாள்? நானே கண்ணால் காணாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அந்த அம்மா சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு மறுபக்கம் பார்த்து இருந்துகொண்டார். அப்படியே வருடக்கணக்கில் இருந்தார். அவர் சண்டை பிடித்திருந்தால் வாதாடியிருக்கலாம் என்று இவர் என்னிடம் சொன்னார். நான் வந்து சாட்சி சொல்லட்டா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம், பில்டிங் சொசைட்டிக்காரியின் சாட்சி செல்லாது என்றார். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

அவர் எழுத்துமூலம் தீர்க்க நினைத்தார். இன்னார் கடந்த மாதம் இந்தக் கடையில் ஒரு பந்தயமும் கட்டவில்லை என்று கடைத் தாளில் மாதாமாதம் ஓர் அத்தாட்சிக் கடிதம் தரமுடியுமா என்று மனேஜரிடம் விண்ணப்பம் கொடுத்தார். மனேஜருக்கு அப்படி ஒன்று கொடுக்க அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே அதை யார் வாசித்தார்களோ தெரியாது. வாடிக்கையாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார், என்னவோ மனக்குறை என்ற அளவில் விளங்கியிருக்கவேண்டும். இரண்டு கிழமையில் அவர் வீட்டு விலாசத்துக்கு அழகான ஒரு உறை வந்தது. மனைவிதான் உடைத்தார். எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு, உங்கள் நீண்டகால ஆதரவுக்கு நன்றியாக ஒரு இலவசப் பந்தயக் கூப்பன்.

அந்தக் கிழமை அவர் சுவரை வாசிக்கவில்லை. அதன் முன்னால் சும்மா நின்றார். கூப்பனை மனேஜர் கிழித்தெறிந்தார். தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அவர் திட்டிய திட்டு எனக்கு ஆங்கிலத்தில் புதிதாக நாலு சொல் கற்றுத்தந்தது. அதனால் என்ன பயன்? அந்த அம்மாவுக்கு அச்சடித்த சாட்சியே கிடைத்துவிட்டது.

இப்படியே தொண்ணூற்றாறு வந்தது. கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கப் போகிறது. மனேஜர் விடுமுறையில் போயிருந்தார். கடை என் பொறுப்பில் இருந்தது. இவர் ஒரு மணிக்கு வந்து, சுவர்ப்பக்கம் போகாமல், நேரே என் கவுண்டருக்கு வந்தார். துண்டு எழுதியிருந்தது. கோப்பையை இலங்கை வெல்லும். தொகை அவருடைய ஒரு கிழமைச் சம்பளம்.

கடிதம் ஒரு சிக்கல், அணி மறு சிக்கல். யாழ்ப்பாணத்தில் இராணுவம் செய்துகொண்டிருந்ததெல்லாம் நடந்துகொண்டிருக்க, எங்கள் ஆட்களில் ஒருவர் இலங்கை அணிக்குக் கட்டினார் என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். இது பற்றுமில்லை பாசமுமில்லை, வென்றால் எத்தனை மடங்கு தருவது என்ற விலையைக் கடைக்காரர் பிழையாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். அந்த அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் முதல் பந்திலிருந்தே அடிக்கிறார்கள், இதை இங்கே எவனும் இன்னும் கவனிக்கவில்லை என்றார். நான் கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"வாசியும், பிள்ளை. குதிரை, நாய். கிரிக்கெட் எண்டு எங்கையும் இல்லை."

வாசித்தேன். இல்லைத்தான். அவர் எழுதியபோது எங்கள் கடையில் கிரிக்கெட்டுக்கு ஒருவரும் கட்டியதில்லை. எட்டு வருடம் காத்திருந்ததுபோல் அந்த ஓட்டை அவர் முன்னால் திறந்து கிடந்தது. அவர் முகத்தில் வழக்கு வென்ற களையும் இருந்தது, பயமும் இருந்தது. அந்தப் பயத்தைக் கண்டபிறகு என்னால் துண்டை வாங்க முடியவில்லை.

"அண்ணை, இரண்டாம் விதிப்படி மறுக்கிறன். காரணம் சொல்லமாட்டன்."

கால் மணிநேரம் வாதாடினார். வயதுக்கு மூத்த மனிதர், எங்கள் ஊர்க்காரர். அவர் கெஞ்சக் கெஞ்ச நான் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது. வீதிக்கு எதிரே இருக்கிற பந்தயக் கடைக்குப் போவேன் என்றார். போங்கோ என்றேன். போய்விட்டார். யன்னலை மறைத்திருந்தபடியால் அவர் வீதியைக் கடந்தாரா இல்லையா என்று என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் வரவேயில்லை. எட்டு வருடத்தைக் கெடுத்துவிட்டேன், இங்கே வாங்கியிருந்தால் இந்த ஒரு தரத்தோடாவது போயிருக்கும் என்று ஒவ்வொரு நாளும் மனம் அடித்துக்கொண்டது.

இலங்கை வென்றது. இறுதி ஆட்டத்தை என் வீட்டில் கணவர் பார்த்தார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்துகொண்டேன். அந்தத் துண்டை வாங்கியிருந்தால் அவர் பாண் தொழிற்சாலைக்கே கும்பிடு போட்டிருக்கலாம்.

மறுநாள் திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கதவு திறந்தது. முன்னால் அவர். பின்னால் சேலைக்கு மேல் தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அவர் மனைவி. அந்த அம்மா நேரே என்னிடம் வந்து, கண்ணாடிக்குள்ளால் என்னை உற்றுப் பார்த்தார்.

"உம்மைக் கோயிலிலை கண்டிருக்கிறன். பில்டிங் சொசைட்டி எண்டெல்லோ சொன்னனீர்?"

என் பில்டிங் சொசைட்டி அன்றோடு மூடப்பட்டது.

"அவருக்கு மாட்டன் எண்டு சொன்னது நீரோ?"

"ஓம் அக்கா."

"இவ்வளவு வருசமும் தோக்கிற காசை எல்லாம் வாங்கிப் போட்டு, வெல்லப்போற அண்டைக்குத்தானோ உமக்கு இரக்கம் வந்தது?"

நேற்று ஆட்டம் முடிந்ததும் அவர் எழுந்து நின்று கத்தியிருக்கிறார். கடைக்காரி துண்டை வாங்கவில்லை, வாங்கியிருந்தால் இன்றைக்கு நாங்கள் பணக்காரர் என்று பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியிருக்கிறார். அந்த அம்மா இரவு முழுக்க யோசித்துவிட்டு வந்திருக்கிறார். நான் வேறு வழியில்லாமல் கடிதத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன்.

"வாங்கேல்லை அக்கா. இதைத் தந்த நாளிலையிருந்து இஞ்சை ஒரு சதமும் வாங்கேல்லை."

அந்த அம்மா ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். நின்ற நிலையில் வாசித்தார், சாட்சிக் கையெழுத்துகள்வரை. ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார்.

"அழுதனீங்களோ?"

"ஒருக்கா," என்றார் அவர்.

"எதிர்க்கடையிலை போய்ப் போட்டிருக்கலாமே. ஆர் தடுத்தது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போனனான். அவங்கடை விதி வேறை. ஒரு மாசமா நிண்டும் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை. முடிக்காமல் எப்பிடிக் காசு கட்டுறது?"

அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எட்டு வருடமாகத் தன் புருஷனைப் பிடித்து வைத்திருந்தவளைக் கடைசியில் நேரில் கண்டுவிட்டதுபோலப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த முக்காலியை இழுத்துச் சுவரடியில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, வாசியுங்கோ. அப்பிடி என்னதான் எழுதியிருக்கெண்டு நானும் கேப்பம்."

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மாட்டியபிறகும் தெரியவில்லைபோல, மறுபடி கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு முதலாம் விதியிலிருந்து ஆங்கிலத்தில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் சொன்னார். ஒலிபெருக்கியில் ஒன்றரை மணி ஓட்டம் தொடங்கியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது விதியில் அந்த அம்மா இடைமறித்து, இது கடைக்காரருக்கல்லோ சாதகம் என்று கேட்டார். எட்டு வருடமாக அவருக்கு அந்தக் கேள்வியை ஒருவரும் போட்டதில்லை. அன்று அவர்கள் பதினோராம் விதியைத் தாண்டவில்லை. மிச்சத்துக்கு அடுத்த நாளும் இரண்டு பேருமாக வந்தார்கள்.